காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'ரூபவ்': பழைய பாமினிப் பக்கங்களை எப்படி மீட்பது?

வலிகாமத்தான்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்தைப் புதிய வழங்கிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். 2000களின் தொடக்கத்தில் ஏற்றிய பக்கங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தவை. ஆண்டு மலர்க் கட்டுரைகள், கோயில் திருவிழா அறிவித்தல்கள், மரண அறிவித்தல்கள், வாசிகசாலை வரலாறு எல்லாம் அதில் உண்டு. இடையில் ஒரு நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு இவற்றை யுனிகோட்டுக்கு மாற்றிக் கொடுத்தது. அதை இப்போது திறந்து பார்த்தால் இப்படி இருக்கிறது:

"மாவிட்டபுரம்ரூபவ் தெல்லிப்பழைரூபவ் அளவெட்டி ஆகிய இடங்களிலிருந்தும் அடியார்கள் வந்தனர்."

காற்புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் 'ரூபவ்'. 'ஈழத்து' என்பது 'ரூடவ்ழத்து' என்று நிற்கிறது. மின்னஞ்சல் முகவரி 'பஅயடை.உழஅ' என்று முடிகிறது. சில கட்டுரைகளில் வரியின் நடுவில் ஏழெட்டுச் சொற்கள் அப்படியே இல்லை. பிறகு வந்த அனுதாபச் செய்திப் பகுதியில் வேறு விதமான சிக்கல்: தமிழே இல்லை, வரி முழுக்க ® குறிதான் திரும்பத் திரும்ப வருகிறது.

இவற்றைக் கையால் திருத்துவதா, ஏதாவது வழி உண்டா? தெரிந்த ஆக்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பனையடி

வழி உண்டு அண்ணை. நீங்கள் சொன்னது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். ஒன்றுக்கான மருந்தை மற்றதில் போட்டால் இருப்பதும் கெட்டுவிடும். முதலில் பாமினி.

பாமினியில் தமிழ் எழுத்துக்கென்று தனி எண் கிடையாது. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுகிறது. ஆங்கில 'ஜி' இருந்தால் ப தெரியும், 'டி' இருந்தால் வ, அரைப்புள்ளி இருந்தால் புள்ளி. குறிகளுக்கும் இதே கதைதான். & என்பது ரூ. < என்பது ஈ. > என்பது காற்புள்ளி. % என்பது மூ.

இதில் &, <, > மூன்றும் இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் தனக்கென்று எடுத்துக்கொண்ட குறிகள். < வந்தால் உலாவி அதை ஓர் ஒட்டின், அதாவது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் கட்டளையின், தொடக்கமாக எடுக்கும். > வந்தால் ஒட்டு முடிகிறது. ஆகவே இவற்றை உரையாகக் காட்ட வேண்டுமென்றால் & குறியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடியும் மாற்று வடிவத்தில் எழுத வேண்டும். > குறிக்கு அந்த வடிவம்: &, பிறகு ஆங்கில ஜி, டி, பிறகு அரைப்புள்ளி. இனி இதைப் பாமினிக் கண்ணால் வாசித்துப் பாருங்கள். ரூ, ப, வ, புள்ளி. 'ரூபவ்' பிறந்த இடம் இதுதான்.

பழைய பக்கத்தைச் செய்தவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அவர் பயன்படுத்திய மென்பொருள் காற்புள்ளியை மாற்று வடிவத்தில் எழுதியது, உலாவி அதை அவிழ்த்து > ஆக்கியது, எழுத்துரு அதைக் காற்புள்ளியாகக் காட்டியது. மாற்றிக் கொடுத்தவர்கள் அவிழ்க்காத மூலத்தை நேராகப் பாமினி மாற்றிக்குள் கொட்டியிருக்கிறார்கள். < குறியின் மாற்று வடிவம் &, எல், டி, அரைப்புள்ளி. பாமினியில் எல் என்பது ட. அதனால் ஈ 'ரூடவ்' ஆனது. உங்கள் பக்கங்களில் ரூபா வரும் இடங்களைப் பாருங்கள், 'ரூயஅி்பா' போல ஏதாவது நிற்கும். அது & குறியின் மாற்று வடிவம்.

மின்னஞ்சல் முகவரி வேறு காரணம். அது உண்மையிலேயே ஆங்கிலம். பாமினி மாற்றிக்கு ஆங்கிலம் என்று ஒன்று தெரியாது, கண்டதையெல்லாம் தமிழாக்கும். ஜிமெயில் என்பது 'பஅயடை', டொட் கொம் என்பது '.உழஅ'. இணைய முகவரியின் தலையில் வரும் மூன்று 'டபிள்யூ' எழுத்துகள் 'றறற' ஆகியிருக்கும்.

வலிகாமத்தான்

தம்பி, பார்த்தேன். 'ரூயஅி்பா'வும் இருக்கிறது, 'றறற'வும் இருக்கிறது. நன்றாக விளங்கியது. ஆனால் சொற்கள் காணாமல் போனது எப்படி?

பனையடி

அதுவும் அதே < குறியின் வேலை. எல்லாப் பக்கத்தையும் ஒருவரே செய்திருக்க மாட்டார். சிலர் நோட்பேடில் கையால் தட்டியிருப்பார்கள், அப்போது < குறி மாற்று வடிவம் இல்லாமல் அப்படியே கோப்பில் நிற்கும். < குறியை ஒட்டி ஓர் ஆங்கில எழுத்து வந்தால் உலாவிக்கு அது ஒட்டு. 'ஈழத்து' என்பதில் ஈ-க்குப் பின்னால் வருவது ழ, அதாவது ஆங்கில 'ஓ'. உடனே உலாவி ஒட்டு தொடங்கிவிட்டது என்று எண்ணி, > வரும்வரை எல்லாவற்றையும் விழுங்கும். பாமினியில் > என்றால் காற்புள்ளி. ஆக, ஈழத்து என்ற சொல்லிலிருந்து அடுத்த காற்புள்ளி வரை உள்ள அத்தனையும் திரையில் தெரியாது. அந்த வாக்கியத்தில் காற்புள்ளியே இல்லாவிட்டால் அடுத்த உண்மையான ஒட்டின் > வரை போகும், அந்த ஒட்டையும் சேர்த்து விழுங்கும்.

ஈழத்து இலக்கியம், ஈழத்து நாடகம், ஈழத்துச் சிவன் கோயில்கள் என்று கட்டுரைக்குக் கட்டுரை வரும் சொல் இது. எங்கள் பக்கத்துப் பழைய இணையத்தளங்களில் எத்தனை வரி இப்படி யாருக்கும் தெரியாமல் கிடக்கிறதோ என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

ஆறுதல் என்னவென்றால் மூலக் கோப்பில் அந்தச் சொற்கள் அப்படியே இருக்கும். உலாவி காட்டவில்லை, அவ்வளவுதான். திரையிலிருந்து பிரதி எடுத்து மாற்றியிருந்தால் மட்டும் போனது போனதுதான். மூலக் கோப்புகள் யாரிடமாவது இருக்கின்றனவா?

வலிகாமத்தான்

முந்தைய செயலாளர் வீட்டில் ஒரு சீடி இருப்பதாகச் சொல்கிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

நெடுந்தீவுக்காற்று

சீடி வாசிக்காவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தளத்தின் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். அது பக்கத்தின் மூலத்தைத்தான் சேமித்து வைக்கும், திரையில் தெரிந்ததை அல்ல. மலர் அச்சில் வந்திருந்தால் 'நூலகம்' என்ற மின்னூலகத் தளத்திலும் தேடுங்கள், மின்வருடிய பிரதி இருந்தால் ஒப்பிடலாம்.

இன்னொன்று. மூலம் கையில் கிடைத்ததும் அவிழ்க்கும் வேலையை உலாவியிடமோ பைதன் நிரல்மொழியின் வழக்கமான அவிழ்ப்பானிடமோ கொடுக்காதீர்கள். எச்டிஎம்எல் விதிப்படி மிகப் பழைய சில மாற்று வடிவங்கள் அரைப்புள்ளி இல்லாமலே செல்லும். & குறிக்குப் பின் ஜி, டி வந்தாலே போதும், > ஆகிவிடும். 'ரூபவதி' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பாமினியில் அதன் முதல் மூன்று எழுத்தும் &, ஜி, டி. கையால் தட்டிய பக்கத்தில் இந்தப் பெயர் இருந்தால் திரையில் ',தி' என்றுதான் தெரியும். ஒருவருடைய மரண அறிவித்தலில் அவருடைய பெயரே இப்படிக் கெட்டு நிற்கக் கூடாது. பிஎச்பி நிரல்மொழியின் அவிழ்ப்பான் அரைப்புள்ளி இருந்தால்தான் தொடும். அதைப் பயன்படுத்துங்கள், அல்லது &, <, > ஆகிய மூன்றுக்கும் உரிய முழு வடிவங்களை மட்டும் நீங்களே தேடி மாற்றுங்கள்.

பனையடி

மிகச் சரியான எச்சரிக்கை. பாமினிக்கு நான் சொல்லும் ஒழுங்கையும் எழுதிவிடுகிறேன். மூலக் கோப்பை எடுங்கள். உண்மையான ஒட்டுகளைப் பிரித்து, ஒட்டுகளுக்கு வெளியே உள்ள உரையை மட்டும் பிடியுங்கள். இந்த இடத்தில்தான் ஈழத்து விழுங்கல் வரும், ஆகவே எச்டிஎம்எல்லில் உள்ள ஒட்டுப் பெயர்களின் பட்டியலை வைத்து, அதில் இல்லாத எதையும் உரையாகவே கருதுங்கள். எழுத்துரு பாமினி என்று குறித்த பகுதியை மட்டும் எடுத்து அவிழுங்கள், அவிழ்த்த பிறகு யுனிகோட்டுக்கு மாற்றுங்கள். மின்னஞ்சலும் இணைய முகவரியும் பெரும்பாலும் வேறு எழுத்துரு குறித்த பகுதியில் இருக்கும், அவை தப்பிக்கும்.

மூலம் கிடைக்காத பக்கங்களுக்கு, மாற்றிய உரையிலேயே 'ரூபவ்' என்பதைக் காற்புள்ளியாகவும் 'ரூடவ்' என்பதை ஈ-ஆகவும் தேடி மாற்றலாம். தமிழில் இந்த இரண்டும் சொல்லாகவோ சொல்லின் பகுதியாகவோ வருவதில்லை, ஆகவே பயமில்லை. 'ரூயஅி்' என்பதை ரூ ஆக்குங்கள். மாற்றுவதற்கு முன் முழுத் தரவுத்தளத்தையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

வடமராட்சி ரீச்சர்

இங்கே கதைப்பது முழுக்க விளங்குகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மெய்ப்புப் பார்க்க நான் ஆயத்தம். கேட்க வேண்டிய ஒன்று உண்டு. மாற்றிய உரையில் 'கெளரி' என்றும் 'கௌரி' என்றும் இரண்டு விதமாக வருகிறது. பார்க்க ஒன்றுபோல இருக்கிறது, தேடினால் ஒன்றுதான் அகப்படுகிறது. இதுவும் அந்த மாற்றியின் வேலையா?

பனையடி

ஆம் ரீச்சர். பாமினியில் கௌ எழுத வேண்டுமென்றால் கொம்பு, க, ள என்று மூன்று தட்டு. 'கெள' எழுதவும் அதே மூன்று தட்டுத்தான். எது எது என்று மாற்றிக்குத் தெரிய வழியில்லை. யுனிகோட்டில் ஔகார உயிர்க்குறிக்கு 3020 என்று தனி எண், ள-வுக்கு 2995. எந்த நிரலும் தானாக இதைத் தீர்க்காது. கௌரி, சௌந்தரி, மௌனம் என்று நீங்கள் ஒரு பட்டியல் தந்தால் அந்தச் சொற்களை மட்டும் திருத்தலாம். உங்களைப் போன்றவர்களின் கண்தான் இதற்கு வேண்டும்.

கொ, கோ போன்றவை சுலபம். ஒகர உயிர்க்குறிக்கு 3018 என்று ஒரே எண் உண்டு. சில மாற்றிகள் அதை ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகப் போட்டுவிடும். இரண்டும் ஒன்றே என்று யுனிகோட் விதி சொல்கிறது, ஆகவே ஒருமைப்படுத்தும் கட்டளை ஒன்றை ஓட்டினால் எல்லாம் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். சேமிக்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஸ்ரீ என்பதும் கோயில் பெயர்களில் உங்களைப் படுத்தும். அதை ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யுனிகோட் 4.1இல் சேர்ந்த ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். முன்னதன் எண் 3000, பின்னதன் எண் 2998. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். தேடலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கொள்ளச் செய்தால் போதும், எழுதியவர் எழுதியதை மாற்ற வேண்டாம்.

திருநெல்வேலி மாணவி

இங்கே வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு கேள்வி. பழைய சில தமிழ்த் தளங்களின் மூலத்தைப் பார்த்தால் உரை முழுக்க &#2991;&#3006;&#2996;&#3021; என்று எண்ணாகவே இருக்கிறது. உலாவியில் அது 'யாழ்' என்று சரியாகத் தெரிகிறது. அப்படி எழுதினால் குறிமுறைச் சிக்கலே வராதே. அண்ணைமார் ஏன் அதைச் சொல்லவில்லை?

பனையடி

நல்ல கேள்வி தங்கச்சி. எண் வடிவம் எந்தக் குறிமுறையிலும், அதாவது எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் எந்த முறையிலும், கெடாது என்பது உண்மை, அந்தக் காலத்தில் அது ஒரு பாதுகாப்பாக இருந்தது. ஆனால் கணக்கைப் பார்ப்போம். 'யாழ்ப்பாணம்' என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து, யுனிகோட்டில் 11 எண்கள். யுனிகோட்டுக்கான குறிமுறையான யூடிஎஃப்-8இல் இந்த எண் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 33. எண் வடிவத்தில் ஒவ்வொன்றும் 7 குறி, மொத்தம் 77. அளவு இரண்டு மடங்குக்கும் மேலே.

அளவைவிடப் பெரிய இடைஞ்சல் இருக்கிறது. தரவுத்தளத்தில் இப்படிச் சேமித்தால் 'யாழ்' என்று தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, அச்சுக்கோ குறுஞ்செய்திக்கோ எடுக்க முடியாது. எச்டிஎம்எல் அல்லாத எந்த இடத்திலும் அது வெறும் எண் குவியல். இன்றைக்குப் பக்கத்தை யூடிஎஃப்-8 என்று அறிவித்துத் தமிழைத் தமிழாகவே எழுதுவதுதான் சரி. அந்த அறிவிப்பு பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும். வழங்கி அனுப்பும் தலைப்பில் வேறு குறிமுறை இருந்தால் அதுதான் வெல்லும், ஆகவே அதையும் பாருங்கள்.

மாற்றி எழுத வேண்டியவை ஐந்தே குறிகள்: & என்பது &#38;, < என்பது &#60;, > என்பது &#62;, இரட்டை மேற்கோள் &#34;, ஒற்றை மேற்கோள் &#39;. தமிழ் எழுத்து ஒன்றும் இந்தப் பட்டியலில் இல்லை.

நெடுந்தீவுக்காற்று

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த ஐந்தையும் எப்போது மாற்றுவது என்பதில்தான் பாதித் தளங்கள் கெடுகின்றன. வாசகர் எழுதியதைத் தரவுத்தளத்தில் அவர் எழுதியபடியே வையுங்கள். பக்கத்தில் போடும் அந்தக் கணத்தில் ஒரே ஒரு முறை மாற்றுங்கள். சேமிக்கும்போதும் மாற்றி, காட்டும்போதும் மாற்றினால் 'பிள்ளைகள் & மருமக்கள்' என்பது 'பிள்ளைகள் &#38; மருமக்கள்' என்று திரையில் நிற்கும். யாராவது அதைத் திறந்து திருத்திச் சேமித்தால் இன்னொரு அடுக்கு ஏறும்.

மாற்றாமலே விடுவதும் ஆபத்து. அனுதாபச் செய்திப் பெட்டிக்குள் யாரோ ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டு ஒன்றைப் போட்டுவிட்டால், துக்கத்தில் அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் உலாவியிலும் அது ஓடும்.

இடத்துக்கு இடம் விதி வேறு என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் காட்டும் உரைக்கு மேலே சொன்ன ஐந்து போதும். இணைப்பு முகவரிக்குள் போகும் மதிப்புக்கு, பைட்டை % போட்டு எழுதும் % முறை. ஜாவாஸ்கிரிப்டுக்குள் போவதற்கு ஜேசன் என்ற தரவு வடிவ முறை. பிஎச்பி வைத்திருப்பவர்கள் பதிப்பையும் பாருங்கள்: எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் செயற்கூறு 8.1இலிருந்துதான் ஒற்றை மேற்கோளையும் இயல்பாக மாற்றுகிறது. அதற்கு முந்தைய பதிப்பில் நீங்களே கேட்க வேண்டும்.

ஸ்காபுரோ சிவா

வணக்கம். நான் கனடாவிலிருந்து பார்க்கிறேன், ஊர்த் தளம் எங்களுக்கு உயிர் மாதிரி. இரண்டு குறை சொல்ல வேண்டும். வட்சப்பில் வரும் உங்கள் இணைப்புகள் % % என்று திரை நிறைய நீளமாக இருக்கின்றன, சிலவற்றில் தலைப்பு பாதியில் நிற்கிறது. மற்றது, மரண அறிவித்தலில் தொடர்புக்குக் கொடுத்த தொலைபேசி இலக்கங்களில் முன்னால் இருக்க வேண்டிய + இல்லாமல் வருகிறது. அழுத்தினால் அழைப்புப் போவதில்லை. செத்தவீட்டுக்கு உடனே கதைக்க வேண்டிய நேரத்தில் இது சரியான கஷ்டம்.

பனையடி

சிவா அண்ணை, + முதலில். இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் பகுதியில் + என்பதை இடைவெளி என்று வாசிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு, படிவங்கள் அப்படித்தான் அனுப்புகின்றன. +1, +44, +41 என்று யாரோ மதிப்பை மாற்றாமல் முகவரியில் ஒட்டியிருக்கிறார்கள், மறுமுனை அதை இடைவெளியாக எடுத்து வெட்டிவிட்டது. + குறியை % போட்டு 2, ஆங்கில பி என்று எழுத வேண்டும். இடைவெளிக்கு %20, & குறிக்கு %26, # குறிக்கு %23. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இரண்டு செயற்கூறுகள் இருக்கின்றன. முழு முகவரிக்கானது &, +, # எதையும் தொடாது. பெயரின் கடைசியில் 'கம்போனென்ட்' என்று வருவதைத்தான் தனி மதிப்புகளுக்குப் பயன்படுத்த வேண்டும்.

நீள இணைப்புக்குக் காரணம், % முறையில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறி ஆவது. 'யாழ்ப்பாணம்' 33 பைட், ஆக 99 குறி. வேர்ட்பிரஸில் பதிவின் முகவரிப் பெயர் இந்த % வடிவத்திலேயே 200 குறிக்குள் அடங்க வேண்டும். தமிழில் அது 22 யுனிகோட் எண்கள்தான். 'யாழ்ப்பாணம்' இரண்டு முறை எழுதினால் முடிந்தது. தலைப்பு பாதியில் நிற்பது அதனால்தான். அறிவித்தல்களுக்குத் தமிழில் ஒரு சிறு சொல்லும் பதிவு இலக்கமும் மட்டும் வைத்தால் இணைப்பு குறுகும், பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடவும் வேண்டும். தளப் பெயருக்கு மட்டும் % முறை கிடையாது. .இலங்கை போன்ற பெயர்களுக்குப் பியூனிகோட் என்ற வேறு முறை.

வலிகாமத்தான்

சீடி கிடைத்தது! மூலக் கோப்புகள் பெரும்பாலானவை வாசிக்கின்றன. வாசிகசாலை வரலாற்றுக் கட்டுரையில் ஈழத்துப் பத்திரிகைகளைப் பற்றிய ஒரு முழு வாக்கியம் இத்தனை வருடமும் யாருக்கும் தெரியாமல் உள்ளே இருந்திருக்கிறது. தம்பி சொன்ன ஒழுங்கில் மாற்றியதும் வந்துவிட்டது. எழுதியவர் இப்போது உயிரோடு இல்லை, அவருடைய மகளுக்கு அனுப்பி வைத்தேன்.

இனி ® சிக்கல்தான் மிச்சம்.

பனையடி

மகிழ்ச்சி அண்ணை.

® ஏன் வருகிறது என்றால், யூடிஎஃப்-8இல் வழக்கமான தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. இதை மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் வாசித்தால் 224 தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', 174 என்பது ®. ஆகவே தமிழ் உரையை அந்தக் கண்ணாடியால் பார்த்தால் வரி முழுக்க ®தான். பைட்டுகள் கெடாமல் இருந்தால் இதை முழுதாக மீட்கலாம்.

உங்கள் அனுதாபப் பகுதி எந்தப் பதிப்பில் ஓடியது என்று பாருங்கள். பிஎச்பி 5.4க்கு முன் எச்டிஎம்எல்என்டிட்டீஸ் செயற்கூறு, குறிமுறை சொல்லாவிட்டால், மேற்கு ஐரோப்பியம் என்றே எடுத்துக்கொள்ளும். தமிழின் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எண்ணி, பெயருள்ளவற்றை & வடிவத்துக்கு மாற்றிவிடும். தரவுத்தளத்தில் அந்த & வடிவங்கள் தெரிந்தால் இதுதான் நடந்தது. அப்படியானால் எதிர்வழியில் வாருங்கள்: & வடிவங்களை அதே மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் ஒற்றைப் பைட்டாக அவிழ்த்து, கிடைக்கும் பைட் வரிசையை யூடிஎஃப்-8 என்று வாசிக்க வேண்டும். யூடிஎஃப்-8 விதிக்குள் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு பதிவையும் சோதித்து, பொருந்தியதை மட்டும் எழுதுங்கள்.

வலிகாமத்தான்

ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலானவை வடிவாக வந்துவிட்டன. ஒரு பகுதி மட்டும் பொருந்தவில்லை, அவற்றில் புள்ளி வர வேண்டிய இடங்களில் கேள்விக்குறி நிற்கிறது.

பனையடி

அவை இன்னொரு கை மாறியவை, விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறிமுறையான விண்டோஸ்-1252 வழியாகப் போயிருக்கின்றன. அந்தக் குறிமுறையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து எண்களுக்கும் எழுத்தே ஒதுக்கவில்லை. கண்டிப்பான மாற்றி அந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுவிடும். தமிழுக்கு இது எங்கே அடிக்கிறது பாருங்கள். புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ஏ என்பது 143இல் முடிகிறது, ஐ 144இல். புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா?

ஏ, ஐ இரண்டுக்கும் இரண்டாவது பைட் 174. புள்ளிக்கும் உகரத்துக்கும் 175. ஆகவே 224, 175, கேள்விக்குறி என்றிருந்தால் அது புள்ளி அல்லது உகரம். சொல்லின் கடைசியில் ன, ம, ள, ர போன்றவற்றை அடுத்து வந்தால் பெரும்பாலும் புள்ளி. க, ச, ட, த, ப, ற ஆகியவற்றை அடுத்துச் சொல்லின் கடைசியில் வந்தால் உகரம் என்று தொடங்கலாம், ஆனால் 'வருகைக்குப்' போன்ற இடங்களில் சந்தி எழுத்து வரும். நிரல் ஓர் ஊகத்தை வைக்கட்டும், ஊகித்த இடத்துக்கு நிறம் போட்டு ரீச்சருக்குக் காட்டட்டும்.

வடமராட்சி ரீச்சர்

அனுப்புங்கள் தம்பி. என்னோடு படிப்பித்த இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம் என்கிறார்கள். ஒருவருக்கு எழுதிய கடைசி வார்த்தைகள் அவை, பிழையோடு நிற்கக் கூடாது.

அப்புறம் இன்னொரு விஷயம். மலர் ஒன்றில் கோயிலின் பழைய கணக்கேட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் மா, காணி, முந்திரி என்ற பின்னக் குறிகள் இருக்கின்றன. அவற்றைப் படமாகத்தான் போட வேண்டுமா?

நெடுந்தீவுக்காற்று

தேவையில்லை ரீச்சர். 2019இல் வந்த யுனிகோட் 12.0இல் அவற்றுக்கு இடம் கிடைத்துவிட்டது. 320இல் ஒரு பங்கான முந்திரி, 80இல் ஒன்றான காணி, 20இல் ஒன்றான மா எல்லாம் தமிழ்ப் பிற்சேர்க்கைத் தொகுதியில் இருக்கின்றன. அந்தத் தொகுதி 73664ஆம் எண்ணில் தொடங்குகிறது.

ஆனால் ஒரு தொழில்நுட்பப் பொறி உண்டு. வழக்கமான தமிழ் எழுத்து 3 பைட், இந்தப் பின்னங்கள் 4 பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் வெறும் யூடிஎஃப்8 என்று பெயருள்ள வகை 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. கண்டிப்புப் பயன்முறை இல்லாவிட்டால் அந்தக் குறியோடு கட்டுரையை வெட்டிவிடும், பின்னால் உள்ளது அத்தனையும் போய்விடும். 2010இல் வந்த 5.5.3 பதிப்பிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 என்ற வகை உண்டு. அட்டவணைகள், இணைப்பு இரண்டையும் அதற்கு மாற்றிய பிறகு மட்டும் அந்தப் பக்கத்தை ஏற்றுங்கள். எல்லாக் கைத்தொலைபேசியிலும் இந்தக் குறிகளுக்கு எழுத்துரு இருக்காது, ஆகவே எழுத்துருவையும் தளத்திலிருந்தே கொடுங்கள்.

முகப்பில் கட்டுரையின் முதல் சில வரிகளைக் காட்டும் பகுதியையும் பாருங்கள். பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டு � வரும். யுனிகோட் எண் கணக்கில் வெட்டினாலும் 'க்' என்பதில் புள்ளி கழன்று 'க' ஆகலாம். பிஎச்பியின் இன்டில் நீட்சியில் முழு எழுத்தாக வெட்டும் செயற்கூறு இருக்கிறது.

வலிகாமத்தான்

தரவுத்தள வகையை இன்றிரவு மாற்றுகிறேன். ரீச்சருக்கு நிறமிட்ட பிரதிகள் நாளை வரும். சிவா அண்ணை, + திருத்தியாகிவிட்டது, கனடா இலக்கம் ஒன்றை அழுத்திப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்காபுரோ சிவா

அழுத்தினேன், அழைப்புப் போகிறது.